வேலை முடியும் நேரம்

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா ஒன்று நிறைவேறியது. ஒரு நாளின் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்டிக்க அது வழிசெய்தது. வாரத்துக்கு 48 மணி என்ற மொத்தக் கணக்கு மாறாது, விரும்புகிறவர்கள் நான்கு நாள் உழைத்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்று அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. தொழிற்சங்கங்கள் ஏற்கவில்லை, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே ஏற்கவில்லை. மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அந்தப் பத்து நாளும் தமிழகம் முழுக்க ஒரு கேள்வி பேசப்பட்டது: மனிதர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம்? ஆனால் அதே நாட்களில் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களிலும், வங்கிக் கிளைகளிலும், விற்பனைப் பிரதிநிதிகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் பத்து, பதினொரு மணி நேர வேலை எந்த மசோதாவும் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. அதை எதிர்த்து யாரும் வெளிநடப்புச் செய்யவில்லை.

வேலைக்கும் சொந்த வாழ்க்கைக்கும் இடையே சமநிலை வேண்டும் என்ற பேச்சு வந்தால் நாம் உடனே தனிமனிதருக்கு அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுகிறோம். விடியற்காலையில் எழுந்திரு, பட்டியல் போட்டு வேலை செய், மாலையில் நடந்துவிட்டு வா, படுக்கையறைக்குள் செல்பேசியைக் கொண்டுபோகாதே. எல்லாம் நல்ல அறிவுரைகள்தான். ஆனால் அவற்றைக் கேட்டுத் தோற்றுப்போனவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் அத்தனை பேரும் மன உறுதி இல்லாதவர்கள் என்று நான் நம்பவில்லை. வேலையின் எல்லை எப்போதும் ஒரு பொது ஏற்பாடாகவே உருவாகியிருக்கிறது. பொது ஏற்பாடு பலமாக இருந்த இடங்களில் மட்டுமே தனிமனிதரின் முயற்சிக்குப் பலன் கிடைத்திருக்கிறது. சென்னையின் சொந்த வரலாறே இதற்குச் சாட்சி.

1911இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் வயதுவந்த ஆண்களின் வேலையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்தியது. அந்தக் காலத்தில் அதுவே சலுகை. பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைபார்த்தவர்களின் தொடக்ககாலக் குறைகளில் ஒன்று, மதிய உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது. இப்படிப்பட்ட குறைகளிலிருந்துதான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். அடுத்த ஆண்டு வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று உலகுக்கு ஓர் அளவு வகுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் தனி விதி எழுதி வாரத்துக்கு அறுபது மணி என்றது. இந்தியர்களின் உடம்புக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் தாங்கும் சக்தி உண்டு என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை. நம் தரப்பில் பேரம்பேசும் வலு குறைவு, அவ்வளவுதான். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியபோது அறுபது மணி வாரம்தான் நடைமுறையில் இருந்தது. 1934 சட்டத்தில் 54 மணி ஆனது. 1946இல், அதாவது உலகம் எட்டு மணி என்று தீர்மானித்து 27 ஆண்டு கழித்து, 48 மணி நமக்குக் கிடைத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிசெய்து, மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்றும் எழுதியது. இதில் ஒரு மணி நேரம்கூட எந்தத் தொழிலாளியும் தன்னுடைய நேர மேலாண்மைத் திறமையால் சம்பாதித்ததில்லை.

அந்த எல்லை தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம், அது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது. மில் சங்கு ஊதியதும் வேலை முடிந்தது. தறியையும் கடைசல் எந்திரத்தையும் யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மடிக்கணினியும் செல்பேசியும் வந்தபின் இந்த நிலை மாறியது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947லேயே எட்டு மணி நேர நாளை எழுதிவைத்திருக்கிறது. ஆனால் இரவு பத்து மணிக்கு மேலாளரிடமிருந்து வரும் ஒரு வரிச் செய்தி எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அதற்குப் பதில் எழுத இரண்டு நிமிடம் போதும் என்று அனுப்பியவர் நினைக்கிறார். பெற்றவருக்கோ அந்த மாலை முழுவதும் போய்விடுகிறது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது, முந்தைய வேலையின் ஒரு பகுதி கவனத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்று சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஜெர்மானிய உளவியலாளர் சபீன் சோனன்டாக் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆராய்ச்சிகளும் இதே திசையில்தான் போகின்றன: அலுவலகத்திலிருந்து உடம்பு வெளியே வந்தால் போதாது, மனமும் வேலையிலிருந்து விலகினால்தான் களைப்பு தீர்கிறது. செய்தி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற எதிர்பார்ப்பே அந்த விலகலைக் கெடுத்துவிடுகிறது. செய்தி வராத இரவுகளிலும்.

இந்த இடத்தில்தான் தனிமனிதக் கட்டுப்பாடு தோற்கிறது. ஒரு குழுவில் எட்டுப் பேர் இருந்து ஏழு பேர் இரவில் பதில் எழுதினால், எட்டாமவரின் மௌனம் அக்கறையின்மையாகக் கணக்கிடப்படும். ஆண்டு மதிப்பீட்டில் அது எதிரொலிக்கும் என்ற பயம் அவரையும் பதில் எழுத வைக்கும். ஏழு பேரில் ஒவ்வொருவருக்கும் இதே பயம் இருக்கக்கூடும்; யாருக்குமே அந்த வழக்கம் பிடிக்காமல்கூட இருக்கலாம், ஆனாலும் அது நீடிக்கும். முதலில் நிறுத்துகிறவர் தண்டிக்கப்படுவார் என்றால் யாரும் முதலில் நிறுத்த மாட்டார்கள். ஹார்வர்டு பேராசிரியர் லெஸ்லி பெர்லோ, பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தில் செய்த சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓய்வே இல்லாத வேலை என்று பெயர்பெற்ற தொழில் அது. குழுவிலுள்ள ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலை முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. அன்று மாலை அவரை யாரும் அழைக்கக் கூடாது, அவரும் வேலையைத் தொடக் கூடாது. முதலில் ஊழியர்களே தயங்கினார்கள். பிறகு, ஒருவரின் மாலையைக் காப்பதற்காக மற்றவர்கள் வேலையை முன்கூட்டித் திட்டமிடவும், தேவையற்ற வேலைகளைக் கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள். மனநிறைவும் கூடியது, வாடிக்கையாளருக்கான வேலையின் தரமும் கெடவில்லை. ஏற்பாடு குழுவுக்கே உரியதாக இருந்ததால்தான் இது நடந்தது. அதே ஆலோசகர்களிடம் தனித்தனியாக, முடிந்தால் ஒரு மாலை ஓய்வெடுங்கள் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் எடுத்திருக்க மாட்டார்.

நேரத்தைக் குறைத்தால் உற்பத்தி குறையும் என்பதுதான் நூறாண்டாகச் சொல்லப்படும் மறுப்பு. முதல் உலகப்போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில், பெரும்பாலும் பெண்கள் செய்த வேலையின் கணக்குகளை அந்நாட்டு அரசுக் குழு ஒன்று வாரவாரியாகப் பதிவுசெய்தது. ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் 2014இல் அந்தக் கணக்குகளை மீண்டும் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி வரை உழைப்புக்கேற்ற உற்பத்தி கிடைத்தது. அதற்குமேல் கூட்டிய ஒவ்வொரு மணிக்கும் பலன் குறைந்துகொண்டே போனது. எழுபது மணி உழைத்தவர்களின் உற்பத்தி 56 மணி உழைத்தவர்களுடையதைவிட அதிகம் உயரவில்லை. அந்தப் பதினான்கு மணி நேரமும் அந்தப் பெண்களின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது. கிடைத்த குண்டுகளோ கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு இல்லாதபோது உற்பத்தி கெட்டது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. போர் நடக்கும்போது, நாட்டின் உயிரே ஆபத்தில் இருக்கும்போது கிடைத்த சான்று இது. அந்தத் தொழிலாளிகளுக்கு ஊக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அண்மைக்காலச் சான்றுகளும் இதையொட்டியே இருக்கின்றன. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை ரெய்க்யாவிக் மாநகராட்சியும் தேசிய அரசும் 2,500க்கும் மேற்பட்ட ஊழியர்களின் வாரத்தை நாற்பது மணியிலிருந்து 35, 36 மணிக்குக் குறைத்துப் பார்த்தன; சம்பளம் குறைக்கப்படவில்லை. பெரும்பாலான இடங்களில் சேவை குறையவில்லை அல்லது மேம்பட்டது. பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் நான்கு நாள் வாரத்தைச் சோதித்தன. சோதனை முடிந்தபின் 56 நிறுவனங்கள் அதைத் தொடர்ந்தன. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிட்டன் சோதனையில் சேர்ந்தவை தாமாக முன்வந்த நிறுவனங்கள், பெரும்பாலும் அலுவலக வேலைகள். அதை வைத்து திருப்பூரின் பின்னலாடைக் கூடத்தில் வாரத்துக்கு 32 மணி போதும் என்று சொல்ல முடியாது. ஆனால் என் வாதத்துக்கு அவ்வளவு தேவையில்லை. சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் 48 மணியை மதித்தால் தொழில் அழியாது என்பதற்கு இந்தச் சான்றுகள் தாராளமாகப் போதும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை விவாதத்துக்கே அதிக இடமில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2016 என்ற ஒரே ஆண்டில் நீண்ட வேலைநேரத்தோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதயநோயாலும் 7,45,000 பேர் இறந்தார்கள். வாரத்துக்கு 35 முதல் 40 மணி உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். இந்த ஆபத்து மிகுந்த வட்டாரங்களில் தென்கிழக்கு ஆசியாவும் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இந்தியா அதில்தான் வருகிறது.

இத்தனைக்கும் பிறகு, இந்தியா ஏழை நாடு, முன்னேறிய நாடுகளின் சொகுசு நமக்குக் கட்டுப்படியாகாது என்பவர்கள் இருக்கிறார்கள். இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023இல் சொன்னார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி பற்றிப் பேசியது 2025 ஜனவரியில் வெளியானது. நாட்டுப்பற்றோடு சொன்னார்கள் என்றே எடுத்துக்கொள்வோம். ஆனால் உண்மை நிலவரம் என்ன? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி இந்தியத் தொழிலாளர் சராசரியாக வாரத்துக்கு 46 மணிக்கு மேல் உழைக்கிறார். பாதிப்பேர் 49 மணிக்கும் மேல். உலகின் மிக நீண்ட வேலை வாரங்களைக் கொண்ட நாடுகளில் நாம் ஏற்கெனவே இருக்கிறோம். மணிக்கணக்குதான் செல்வத்தைத் தரும் என்றால் அது இந்நேரம் வந்திருக்க வேண்டும். நமக்குக் குறைவாக இருப்பது எந்திரமும் பயிற்சியும் நல்ல நிர்வாகமும். தொழிலாளியின் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் பலனை உயர்த்துவது முதலாளிக்குச் செலவு வைக்கும் வேலை. மணி நேரத்தை நீட்டுவதில் அந்தச் செலவு இல்லை. அதனால்தான் பின்னது இவ்வளவு கவர்ச்சியாகத் தெரிகிறது.

ஜப்பானையும் கொரியாவையும் பாருங்கள், உழைத்தே உயர்ந்தார்கள் என்பது இதனுடன் சேர்ந்து வரும் வாதம். பாதி உண்மை. அந்நாடுகள் கல்வியிலும் தொழில்நுட்பத்திலும் போட்ட முதலீட்டை விட்டுவிட்டு மணிக்கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வது சரியாகாது. அதிகவேலையால் வரும் மரணத்துக்குக் கரோஷி என்று தனிப்பெயரே ஜப்பானில் உண்டு. அதைத் தடுக்க 2014இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றின் 24 வயது ஊழியர் 2015இல் தற்கொலை செய்துகொண்டது அதிகவேலையின் விளைவு என்று அரசே ஏற்ற பிறகு, 2018இல் மிகைநேரத்துக்கு உச்சவரம்பு வந்தது. ஒரு மணி நேர உழைப்பின் பலனில் ஜப்பான் ஜி-7 நாடுகளில் கடைசி இடத்தில் இருக்கிறது. தென்கொரியா 2018இல் வாரத்துக்கு 52 மணிக்கு மேல் கூடாது என்றது. 2023இல் அங்கே பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தையாக இறங்கியது. இதற்கு வீட்டு விலை, கல்விச் செலவு என்று பல காரணங்கள் உண்டு. குடும்பத்துக்கு நேரமே தராத வேலைமுறையும் அவற்றில் ஒன்று என்று அந்நாட்டு அரசே கருதுகிறது. நமக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் நாடுகள் எந்தப் பாதையிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கின்றனவோ, அதில் நம்மை வேகமாகப் போகச் சொல்கிறார்கள்.

வேலையை நேசிப்பவரை ஏன் தடுக்க வேண்டும் என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். ஆராய்ச்சியாளரும் கலைஞரும் தொழில் தொடங்கியவரும் கடிகாரம் பார்த்து வேலை செய்வதில்லை. செய்யச் சொல்லவும் கூடாது. ஆனால் தன் விருப்பத்துக்கு இரவு ஒரு மணி வரை விழித்திருப்பவர் தன் கீழ் இருக்கும் பத்துப் பேரையும் விழித்திருக்கச் சொல்ல முடியாது. அவர்களுடைய லாபப் பங்கும் புகழும் வேறு, அவர்களுக்கு வீட்டில் காத்திருக்கும் பொறுப்புகளும் வேறு.

வீடு என்று வரும்போது, இந்தப் பேச்சு பெரும்பாலும் ஆணை மனதில் வைத்தே நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு மணி வேலை செய்யக்கூடியவர் யார்? வீட்டில் இன்னொருவர் சமைத்துத் துவைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார் என்றால்தான் அது சாத்தியம். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆகவே இங்கே வேலைநேரம் பற்றிய எந்த முடிவும் முதலில் அவர்களைத்தான் தொடும். 2023 மசோதா சொன்ன நான்கு நாள் வாரம் ஓய்வு நாட்களைக் கூட்டும் என்பது கணக்கில் உண்மை. ஆனால் பன்னிரண்டு மணி ஷிஃப்ட், அதோடு ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ கம்பெனிப் பேருந்தில் போய்வரும் நேரம், அதோடு வீட்டு வேலை என்று கூட்டினால் அந்த நான்கு நாளும் ஒரு தாய்க்குத் தூங்க நேரமிருக்காது. பிள்ளைக்குப் பசி தினமும் வரும். மூன்று நாள் விடுமுறையில் சேர்த்துவைத்துச் சமாளிக்க முடியாது.

பணிநேரத்துக்கு வெளியே அரசு செய்யும் சில காரியங்கள் இந்தச் சமநிலைக்கு உதவுகின்றன என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் குழந்தையின் ஊட்டத்துக்காக வந்தது. ஆனால் அதிகாலை ஷிஃப்டுக்கோ வயல் வேலைக்கோ கிளம்பும் தாயின் காலைப்பொழுதில் ஒரு சுமையை அது இறக்கிவைத்திருக்கிறது. வேலைபார்க்கும் பெண்களுக்கான தோழி விடுதிகளும், நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் அந்த வகையே. வேலை செய்யும் இடத்தருகே மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகம் இதற்கு அடுத்த படியாக இருக்க வேண்டும்.

சம்பளச் சீட்டே இல்லாதவர்களுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? இதுதான் என் வாதத்துக்கு முன் இருக்கும் மிகக் கடினமான கேள்வி. இந்தியத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாரா வேலையில் இருக்கிறார்கள். தள்ளுவண்டிக்காரருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞருக்கும் வேலையை நிறுத்தினால் வருமானம் நிற்கும். அவர்களிடம் எட்டு மணியோடு நிறுத்து என்று சொல்வது கொடுமை. அவர்களுக்குக் கூலி உயர்வே நேரம். எட்டு மணி உழைப்பில் குடும்பம் நடத்த முடியும் என்ற நிலை வந்தால்தான் ஒன்பதாவது மணியை மறுக்க முடியும். உணவு விநியோக இளைஞரின் நேரத்தை அவர் தீர்மானிக்கிறார் என்று செயலி நிறுவனங்கள் சொல்கின்றன. இத்தனை ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை என்று படிப்படியாக வைத்திருக்கும் கணக்கு அவரைப் பன்னிரண்டு மணி நேரம் சாலையில் நிறுத்திவைக்கிறது. தமிழ்நாட்டில் இவர்களுக்கென்று நல வாரியம் அமைந்திருக்கிறது. விபத்துக்கும் படிப்புக்கும் உதவி தருவதோடு நில்லாமல், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தபட்ச வருமானம் என்ற பேச்சை அந்த வாரியம் தொடங்கினால் அது உண்மையான வேலைநேரச் சீர்திருத்தமாக இருக்கும்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வழி ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. ஐம்பது பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் பணிநேரத்துக்கு வெளியேயான தொடர்பு பற்றி ஊழியர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும் என்ற விதி பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. போர்ச்சுகல் 2021இல், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாதிருக்கும் கடமையை முதலாளியின் மீதே வைத்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், நியாயமான காரணம் இல்லாத அழைப்புக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை ஊழியருக்கு உண்டு. இவற்றில் போர்ச்சுகலின் வழி எனக்குச் சரியாகப்படுகிறது. மறுக்க வேண்டிய சங்கடத்தை அது ஊழியரின் தலையில் கட்டவில்லை. நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018இல் இதுபோன்ற தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலைபார்த்த பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. கேரளம் 2018இல் அதைச் செய்திருந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டமா என்று கேட்டிருக்கலாம். ஆனால் முதலாளியிடம் ஒரு விற்பனைப் பெண் தனியாகப் போய்க் கேட்டு வாங்க முடியாத நாற்காலி அது. அதே சட்டத்தில் இன்னும் இரண்டு வரிகள் சேர்க்கலாம்: பணிநேரம் முடிந்தபின் ஊழியரை அழைத்தால் அந்த நேரம் வேலைநேரமாகவே பதிவாகி இரட்டிப்பு ஊதியம் பெறும், அழைப்பை ஏற்காததற்காக அவரது மதிப்பீட்டையோ பதவி உயர்வையோ குறைக்கக் கூடாது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. இந்த இரண்டு வரிகளையும் கோரிக்கையாக எழுதிக் கையெழுத்து வாங்கும் வேலையை அவர்கள் தொடங்கலாம். துணிக்கடைப் பெண்களையும் வங்கி ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டு.